கயித்துக்கடைக் கோவக்காரர்

கம்பம் கடைவீதியில அந்தக் காலத்துல கயிறு வாங்கப் போறவுக ரெண்டு தினுசு. அந்தக் கடைக்காரர்கிட்ட வசவு வாங்கிப் பழகினவுக ஒரு தினுசு. இனிமே பழகப் போறவுக இன்னொரு தினுசு. கமலை வடத்துல இருந்து கன்னுக்குட்டிக்குக் கட்டுற தும்பு வரைக்கும் அவர் கடைச் சரக்கு மாதிரி வேற எங்கயும் கிடைக்காது. அதனால போகாமயும் இருக்க முடியாது.

ஒருத்தன் அத்தனை கயித்தையும் தடவிப் பார்த்துட்டு "பெறகு வாரேன்"னு கிளம்பினான்னு வச்சுக்கங்க, அவன் தொட்ட கயித்தையெல்லாம் சுருட்டி அவன் முதுகுக்குப் பின்னால தெருவுல எறிவாரு. "நீ உருவிப் பார்த்ததை வேற எவன்டா வாங்குவான், கொண்டு போ"ம்பாரு. அவன் ஓசியில கிடைச்சுச்சேன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனா அதுக்கும் கத்துவாரு. மெதுவாப் பேசினா "வாயில என்ன கொழுக்கட்டையா"ன்னு கேப்பாரு. வேகமாப் பேசினா "எங்க பஸ்சுக்குப் போகணும் உனக்கு"ன்னு கேப்பாரு. ஊரே அவருக்குக் கோவக்காரர்னு பேர் வச்சிருந்துச்சு. சொந்தப் பேர் எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பேரைச் சொன்னா எனக்கே யாரோ மாதிரி இருக்கு. கோவக்காரர்னு சொன்னாத்தான் மொகம் தெரியுது.

எனக்கும் வாய் நீளந்தான். அதனாலதான் அவர்கிட்ட மொதமொதல்ல போனதே சண்டைக்கு.

எங்க தோட்டம் ஆத்துத்தண்ணி எட்டாத மேட்டுக்காடு. கமலை கட்டித்தான் இறைக்கணும். கிணத்துக்குள்ள சால் தண்ணி மோக்கும். அதுல கட்டின வடத்தை ரெண்டு மாடு சரிவுல இறங்கி இழுக்கும். ஓட்டுறவுக பாரத்துக்கு வடத்து மேலயே உக்காந்துக்கிட்டு இறங்குவாக. எங்க வீட்டுக்காரர் அப்படி உக்காந்து இறங்கறப்பதான் வடம் அறுந்துபோச்சு. மல்லாக்க விழுந்து பின்மண்டை கல்லுல அடிச்சுச்சு. டாக்டர் நல்ல மனுசர், தையல் போட்டுக் காயத்தை ஆத்திட்டாரு. "வெளிக்காயம் என் வேலை, முடிச்சுட்டேன். உள்காயம் நாள்பட ஆறுறது எம்புட்டோ அம்புட்டுத்தான்"னு உள்ளதைச் சொல்லி அனுப்பினாரு.

வீட்டுக்கு வந்த ஆளு பார்க்க எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் இருந்தாக. அதே மீசை, அதே நடை. ஆனா தண்ணி குடிக்கச் செம்பைக் கேக்கணும்னா "அது, அது"ன்னு நிப்பாக. பேர் வராது. பாதிப் பேச்சுல பேச்சு எங்க ஆரம்பிச்சுச்சுன்னு மறந்துரும். பிள்ளைக சிரிச்சாக்கூட காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவாக. அதுக்கு முன்னால மாட்டைக்கூட அதட்டாத மனுசர் அவுக. பக்கத்து வீட்டுக்காரிக "பைத்தியம்"ங்கிற வார்த்தையை என் காதுல விழுகிற மாதிரியே மெதுவாப் பேச ஆரம்பிச்சாளுக. எனக்கு யாரையாவது அடிக்கணும் போல இருந்துச்சு. அறுந்த வடத்தைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கம்பத்துக்கு நடந்தேன்.

கடை முன்னால வடத்தைத் தொப்புன்னு போட்டு, "உம்ம கடை வடம் எம்புருசன் மண்டையை உடைச்சிருச்சு"ன்னேன்.

அவர் வடத்தை எடுத்து முனையைப் பார்த்தாரு. "வடம் என் கடை வடந்தான். அறுந்தது முடிச்சுல. நைஞ்ச இடத்துக்கு முடிச்சுப் போட்டிருக்கு பாரு. ஒவ்வொரு இழுப்புக்கும் முடிச்சு உருளையில ஏறி இறங்கினா அறுகாம என்ன செய்யும்? புரியைப் பிரிச்சுல்ல பின்னணும்? எந்த முட்டாப்பய போட்ட முடிச்சு இது?"

"எம்புருசன் போட்ட முடிச்சு."

"அப்ப உம்புருசன்தான் முட்டாப்பய."

விட்டேனா நான்? அவர் ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொன்னேன். கடைவீதியே ஏவாரத்தைப் போட்டுட்டு வேடிக்கை பார்த்துச்சு. நடுவுல நான் சொன்னேன், "நீரு இங்கன நின்னு கத்துறீரு, அங்கன அந்த மனுசன் ஒரு செம்புக்குப் பேர் தெரியாம உக்காந்திருக்கு"ன்னு.

அவர் வாய் நின்னுபோச்சு. கேட்டாரு, "பேர் தெரியலையா, பேர் வரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ரெண்டும் ஒண்ணில்ல. செம்பு எதுக்குன்னு தெரியுதா?"

"தெரியுது. குடிக்கிற மாதிரி கையில காட்டுறாக."

"சாயங்காலம் ஆனாக் கோவம் கூடுதா? சத்தம் ஆகலையா? கோவம் தணிஞ்சதும் அழுகுறாரா?"

வீட்டுக்குள்ள இருந்து பார்த்த மாதிரி கேட்டாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அவர் எந்திரிச்சாரு. கடைப்பலகையை ஒவ்வொண்ணா எடுத்துச் சொருகிப் பூட்டினாரு. "நட ஆத்தா"ன்னு முன்னால நடந்தாரு. சந்தை நாள் அன்னைக்கு. சந்தை நாள்ல அவர் கடை பூட்டி யாரும் பார்த்ததில்ல.

அவர் மொத உலகச் சண்டையில பட்டாளத்துக்குப் போனவருங்கிறது வழியிலதான் தெரிஞ்சுச்சு. துப்பாக்கி பிடிக்கல. கடல் தாண்டி ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில, மண்டையில அடிபட்டவுக படுத்திருந்த கொட்டகையில வேலை. குளிப்பாட்டுறது, சோறு குடுக்கிறது, கூட உக்காந்து இருக்கிறது. அங்கன இருந்த டாக்டர் ஒருத்தர் அவர்கிட்ட, காயம் நான் பார்த்துக்கிறேன், ஆளை நீ பார்த்துக்கன்னு சொல்வாராம். அதைச் சொல்றப்ப மட்டும் குரல் தணிஞ்சுச்சு. அப்புறம் எதுத்தாப்புல வந்த வண்டிக்காரனை, ஓரமாப் போகத் தெரியாதான்னு ஒரு பிடி பிடிச்சாரு.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் முன்னால தரையில உக்காந்தாரு. உக்காந்தவர் ரெண்டு கையையும் தொடைக்கடியில சொருகிக்கிட்டாரு. அது அவர் பழக்கம். பெறகு எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். காயம்பட்டவுக ஒண்ணை எடுக்கத் திணறுறப்பவோ, ஒரு சொல்லைத் தேடுறப்பவோ, நம்ம கை தானா உதவிக்குப் போகுமாம். அது போகக் கூடாதுன்னு கையைப் பூட்டி வைக்கிறது.

"கிணத்தடியில விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டாரு. என் புருசனை முட்டாப்பயன்னு சொன்ன வாய் நீங்கன்னு கேட்டுச்சு.

நாங்க யாரும் அவுககிட்ட அதைச் சொல்லவே இல்ல. சொன்னாப் பயந்துருவாகன்னு மறைச்சு வச்சிருந்தோம். நான் கண்ணைக் காட்டினேன், சொல்லாதீகன்னு. அவர் கண்டுக்கவே இல்ல. "வடம் அறுந்துச்சு. நீங்க விழுந்தீக. மண்டைக்குள்ள காயம். கையில காயம்பட்டா கை வேலை செய்யாதுல்ல, அது மாதிரி பேச்சும் ஞாபகமும் இருக்கிற இடத்துல காயம். இது பேயில்ல. பைத்தியமில்ல. அடிபட்ட அத்தனை பேருக்கும் இப்படித்தான் ஆகும், நான் கண்ணால பார்த்திருக்கேன்."

எங்க வீட்டுக்காரர் அவர் மொகத்தையே பார்த்தாக. கண்ணுல தண்ணி இறங்குச்சு. அம்புட்டு நாளும் தனக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம, கேக்கவும் சொல் வராம, தனியாக் கிடந்திருக்காக. அது எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

அவுக என்னமோ சொல்ல வாயெடுத்தாக. "எனக்கு... எனக்கு..." நான் பக்கத்துல இருந்து, "தண்ணியா? படுக்கணுமா? பசிக்குதா?"ன்னேன்.

"ஆத்தா, இருட்டுக்குள்ள சாமான் தேடுறவன்கிட்டப் போயி நீயும் ஒவ்வொரு சாமானா எறிஞ்சா அவன் எதைன்னு எடுப்பான்? பேசாம இரு."

எம்புட்டு நேரமோ ஆச்சு. வாசல்ல இருந்த வெயில் உள்ள வந்துருச்சு. கோவக்காரர் அசையல. கடைசியில எங்க வீட்டுக்காரர் சொன்னாக, "எனக்கு... வெக்கமா இருக்கு."

அம்புட்டு நேரம் தேடினது தண்ணியை இல்ல. நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டேன்.

அதுல இருந்து அவர் அடிக்கடி வருவாரு. காசு பணம் பேச்சே கிடையாது, பேசினாக் கத்துவாரு. ஒருநாள் நான் கேட்டுட்டேன். "அண்ணே, கடையில அந்தக் கத்துக் கத்துறீக, இங்கன வந்தா இம்புட்டுப் பொறுமை எங்கன இருந்து வருது?"ன்னு. அவர் சொன்னாரு, "எனக்குப் பொறுமை கொஞ்சந்தான் ஆத்தா. அதை நல்லாருக்கிற பயகளுக்குச் செலவழிச்சுட்டா வேணுங்கிறவுகளுக்கு எங்க போவேன்?"

அவர் செஞ்ச வைத்தியம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஒரு துண்டுக் கயித்தைக் கொண்டாந்து குடுப்பாரு. "புரியைப் பிரிங்க. திரும்பப் பின்னுங்க." மொதல்ல பிரிக்க மட்டும் வந்துச்சு. பெறகு எந்தப் புரி எதுக்கு மேலன்னு குழம்பி எங்க வீட்டுக்காரர் அதைச் சுவத்துல அடிப்பாக. அவர் எடுத்து மறுபடி கையில வைப்பாரு. பழைய வடத்தைப் பிரிச்சு எடுத்த நார்தான், வீணாப் போனாப் போகுதுங்கிற மாதிரி.

சத்தம் தாங்கலைன்னா என்ன செய்யிறதுன்னும் அவுக ரெண்டு பேருமே பேசி ஒரு வழி வச்சாக. மண்டைக்குள்ள சூடு ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே தலையில துண்டைப் போட்டுக்கணும். துண்டு தலையில ஏறிட்டா வீட்டுல ஒரு ஈ காக்கா பேசக் கூடாது. ஊர்க்காரவுக, "என்ன, உங்காளு தலையில துண்டைப் போட்டு உக்காந்துட்டாரு, ஏவாரத்துல நட்டமா?"ன்னு கேலி பேசினாக. பேசட்டும்னு விட்டேன். எங்க வீட்டுல கத்தல் பாதிக்குப் பாதி நின்னுபோச்சு.

ஒருநாள் காளையை அவிழ்த்துத் தொட்டியில தண்ணி காட்டிட்டு வரச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் பாதி வழியில எதுக்கு வந்தோம்னு மறந்து நின்னுட்டாக. காளை கயித்தை இழுத்துக்கிட்டுப் பக்கத்துக் காட்டுச் சோளத்துக்குள்ள போயிருச்சு. நான் எந்திரிச்சு ஓடப் போனேன். "உக்காரு"ன்னாரு. காளை பாட்டுக்குத் திங்குது. சோளத்துக்காரன் வந்து, "பைத்தியக்காரன் கையில மாட்டைக் குடுத்துட்டு..."ன்னு ஆரம்பிச்சான். அம்புட்டுதான், கோவக்காரர் அவன் மேல பாஞ்சாரு பாருங்க. இங்கன இவுக அமைதியா நின்னு யோசிச்சு, தொட்டியைப் பார்த்து, காளையைப் பார்த்து, போயிப் பிடிச்சு, தண்ணி காட்டிட்டே கொண்டாந்து கட்டினாக. சோளத்துக்காரன் வாங்கின வசவுல அதுக்குப் பெறகு எங்க காட்டுப் பக்கம் பார்க்கிறதையே விட்டுட்டான்.

என்னையும் அவர் விடல. ஒரு தடவை நான் சொன்னேன், "பழையபடி ஆயிருவாகள்ல அண்ணே? முன்னெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டே கமலை ஓட்டுவாக. என் பேரைச் சொல்லி வம்பிழுப்பாக."

"ஆக மாட்டாரு"ன்னுட்டாரு. பட்டுன்னு. "இன்னும் தேறுவாரு. உழுவாரு, இறைப்பாரு, உன்கூடக் கடைசி வரைக்கும் நல்லா இருப்பாரு. ஆனா அந்தப் பழைய ஆளு வர மாட்டாரு. நீ வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கே. இவர் வீட்டுக்குள்ள உக்காந்து, நீ வாசலைப் பார்க்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

எனக்கு வந்த கோவத்துக்கு அவரைக் கொன்னுருப்பேன். அவர் கையைத் தொடைக்கடியில வச்சாரு. நானா அடிபட்டவ, எனக்கு எதுக்குக் கையைச் சொருகுறாருன்னு பார்த்தேன். "புருசன் செத்தா ஊரே கூடி உன்னை அழ விட்டிருக்கும். இவர் உசுரோட இருக்காரு. அதனால போனவருக்கு நீ அழவே இல்ல. அழுதுரு ஆத்தா. அழுதுட்டு உள்ள போயி இவர்கிட்டப் பேசு"ன்னாரு. வைக்கோல் படப்புக்குப் பின்னால போயி அன்னைக்கு அழுதேன். அப்படி அழுகை அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. திரும்பி வந்தப்ப அவர் போயிருந்தாரு. எங்க வீட்டுக்காரர் தட்டுல சோறு போட்டு மூடி வச்சிருந்தாக, எனக்கு. கொழம்பு ஊத்த மறந்துட்டாக. வெறுஞ்சோத்தைத் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டு இருந்தப்பதான் எங்க மூத்தார் வீட்டுல சடங்கு வந்துச்சு. மூத்தாருன்னா எங்க வீட்டுக்காரரோட கூடப் பிறந்த அண்ணன். வர முடியாதுன்னு சொல்ல முடியுமா? போனோம். கொட்டு மேளம் காதைப் பிளந்துச்சு. இவுக துண்டைத் தலையில போட்டாக. அங்கன அதுக்கு யாருக்கு அர்த்தம் தெரியும்? மூத்தார் வந்து பாசமா, "விசேச வீட்டுல தலையில துண்டைப் போட்டு உக்காரலாமாடா"ன்னு உருவிட்டாக. அடுத்த நொடி பக்கத்துல இருந்த செம்பு பறந்துச்சு. மூத்தார் நெத்தி பிளந்து ரத்தம்.

அந்த மனுசரைக் குத்தம் சொல்ல மாட்டேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவுக. ஆனா அன்னைக்குச் சொல்லிட்டாக, "வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால இவனைக் கொண்டுபோயி விட்டுரணும்"னு. எங்கனன்னு கேக்கிறீகளா? புத்தி பேதலிச்சவுகளைக் காலுல சங்கிலி மாட்டிக் கட்டி வைக்கிற ஒரு கோயில் இருந்துச்சு, ரெண்டு நாள் வண்டிப் பயணம். அங்கன போயித் திரும்பினவுகளை எனக்குத் தெரியாது. போனவுகளைத் தெரியும்.

முடிவு சொல்லச் சொந்தக்காரவுக எங்க வீட்டு வாசல்ல வேப்ப மரத்தடியில கூடினாக. நான் கோவக்காரருக்கு ஆள் சொல்லி விட்டேன். வந்தாரு. இவர் வாய்க்கு முன்னால எவன் நிக்கப் போறான், இன்னைக்குக் கத்தட்டும்னு எனக்குத் தெம்பா இருந்துச்சு. மூத்தார் முன்னால பொம்பளை பேசுறது வழக்கமில்ல, நான் கதவுக்குப் பின்னால நின்னு கதவுகிட்டச் சொல்ற மாதிரி எல்லாத்தையும் சொல்லிருவேன். அது ஊருக்கே தெரியும். அன்னைக்கும் சொல்லத் தயாரா நின்னேன்.

மூத்தார் நெத்திக் கட்டோட உக்காந்திருந்தாக. யாரையும் பார்க்கல, தம்பியை மட்டும் பார்த்தாக. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன்டா. என்னை எதுக்கு அடிச்சே?"

எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாக. மூடினாக. ஒண்ணும் வரல. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு, கொட்டுச் சத்தத்துக்குன்னு கத்திச் சொல்லிரலாம்னு. கோவக்காரரைப் பார்த்தேன். அவர் கத்தல. ரெண்டு கையும் தொடைக்கடியில. நானும் கதவுக்குப் பின்னால அப்படியே தரையில உக்காந்து கையை அடியில சொருகிக்கிட்டேன். என் வாழ்க்கையிலயே அது மாதிரி கஷ்டமான வேலையை நான் செஞ்சதில்ல.

இவுக துண்டை எடுத்துத் தலையில போட்டாக. ஒருத்தர், "பார்த்தீகளா"ன்னாரு. மூத்தார் எந்திரிச்சுட்டாக. கோவக்காரர் வாயைத் திறந்தாரு. வசவுதான்னு நினைச்சேன். "உக்காருங்கய்யா. உங்களுக்கும் வலிக்குது, தெரியுது. உங்க தம்பி பதிலைத் தேடிக்கிட்டு இருக்காரு"ன்னாரு, பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல்ல. மூத்தார் உக்காந்துட்டாக.

வேப்பம்பூ கொட்டிக்கிட்டு இருந்துச்சு. துண்டு இறங்குச்சு.

"கொட்டு"ன்னாக எங்க வீட்டுக்காரர். "கொட்டு... இங்கன, மண்டைக்குள்ள. ஆரு வந்தான்னு தெரியல. கையில செம்பு. செம்பை எறிஞ்சேன். அப்புறம் ரத்தம். அது உன் ரத்தம்ணே." நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொண்ணாத் தேடி எடுத்து வச்சாக. "சங்கிலி வேணாம். சத்தம் இல்லாம இருந்தாப் போதும். நான் மெதுவா... மெதுவா எல்லாம் செய்யிறேன்."

செம்புன்னு சொன்னாக. என் காதுல அதுதான் விழுந்துச்சு. மூத்தார் எந்திரிச்சு வந்து, கீழ விழுந்த துண்டை எடுத்து உதறி, தம்பி தோள்ல போட்டாக. வேற முடிவு எதுவும் யாரும் சொல்லல. திருவிழாவுக்கு வண்டி கட்டினாக. எங்களை விட்டுட்டுத்தான் போனாக.

அடுத்த கோடையில எங்க கமலைக்குப் புது வடம் வேணும்னு ஆச்சு. எங்க வீட்டுக்காரர், "நானே வாங்குறேன்"னாக. நான் கூடப் போனேன், ஆனா தெருவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டேன். கடையில கூட்டம். இவுக போயி நின்னு, "எனக்கு ஒரு..."ன்னு ஆரம்பிச்சு நின்னாக. பின்னால இருந்த ஒருத்தன், "சீக்கிரம் சொல்லுய்யா"ன்னான். கோவக்காரர் பார்த்த பார்வையில அவன் அடங்கினான். அவர் கை பலகைக்கு அடியில போச்சு. காத்திருந்தாரு. கூட்டமும் காத்திருந்துச்சு.

"வடம்"னாக. "கமலை வடம்."

எடுத்துப் போட்டாரு. இவுக வடத்தை எடுத்து, புரியை விரலால பிரிச்சுப் பார்த்து, மூக்கைச் சுளிச்சு, "முறுக்குப் பத்தாது. வேற எடு"ன்னாக.

அந்தக் கடையில நின்ன அத்தனை பேரும் ஒரு அடி பின்னால போயிட்டாக.

"என்னது? முறுக்குப் பத்தாதா?" பலகைக்கடியில இருந்த ரெண்டு கையும் வெளிய வந்துருச்சு. "ஏலே, என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு என் வடத்துக்கா முறுக்குப் பத்தாதுங்கிறே? நைஞ்ச வடத்துல முடிச்சுப் போட்டு மண்டையை உடைச்சுக்கிட்ட பய நீ, உனக்கு என்னடா தெரியும் முறுக்கு? வாங்கினா வாங்கு, இல்லாட்டி ஓடு." கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாரு. கூட்டம் அவர் வாயைப் பார்க்குது. இவுக நின்னு முழுசாக் கேட்டுட்டு, நிதானமா, "பத்தாதுன்னா பத்தாது. அந்த மேல இருக்கிறதை எடு"ன்னாக. அவர் திட்டிக்கிட்டே எடுத்தாரு. எடுத்து எறிஞ்சாரு, மூஞ்சியில படுற மாதிரி. இவுக பிடிச்சுக்கிட்டாக.

தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு. போறவுக வாரவுக என்னைத்தான் பைத்தியம்னு நினைச்சிருப்பாக.

வடத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊருக்கு நடந்தோம். ரொம்ப தூரம் வந்த பெறகு எங்க வீட்டுக்காரர் கேட்டாக, "எங்கிட்ட அவருக்கு... என்ன இம்புட்டுக் கோவம்?"

"எல்லார்கிட்டயும் அவர் அப்படித்தான் மச்சான்"னேன்.